படத்துக்கும் ஒரு விலை: புலம்பெயர்ந்த வன்னி ஊர்ச் சங்கங்களுக்கும் பழைய மாணவர் சங்கங்களுக்கும் ஒரு திறந்த மடல்

பெருமதிப்புக்குரிய செயற்குழு உறுப்பினர்களுக்கு,

கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா மாவட்டங்களின் ஊர்ப் பெயர்களையும் பாடசாலைப் பெயர்களையும் தாங்கி, கனடாவிலும் பிரித்தானியாவிலும் பிரான்சிலும் சுவிஸிலும் நோர்வேயிலும் அவுஸ்திரேலியாவிலும் இயங்கிவரும் சங்கங்கள் அனைத்துக்கும் பொதுவாக இம்மடலை எழுதுகிறேன். நான் வன்னியில் இருந்து ஒளிப்படம் எடுப்பவன். திருமணங்களாலும் பூப்புனித நீராட்டு விழாக்களாலும் பாடசாலை விளையாட்டுப் போட்டிகளாலும் வீட்டுச் செலவு போகிறது. மீதி நேரத்தில் குளங்களையும் வயல்களையும் கோயில் திருவிழாக்களையும் எடுக்கிறேன். இந்த இரண்டாவது வகைப் படங்களை அச்சிட்டு இணையத்தின் வழியே விற்பது பற்றியே உங்களுடன் பேச வேண்டியிருக்கிறது. ஏனெனில், அவற்றைக் காசு கொடுத்து வாங்கக்கூடியவர் யாரென்று எந்தப் பக்கத்தால் யோசித்தாலும் உங்கள் அங்கத்தவர் பட்டியல்தான் முன்னுக்கு வருகிறது.

பொங்கல் விழாவுக்கோ ஆண்டு மலருக்கோ நாட்காட்டிக்கோ ஆயத்தம் நடக்கும் காலத்தில், "ஊரில நல்ல படம் ரெண்டு மூண்டு இருந்தா அனுப்பிவிடுங்கோ தம்பி" என்று செய்தி வருவது இங்கே படமெடுக்கும் எல்லோருக்கும் பழக்கமானது. நாங்களும் அனுப்பிவிடுகிறோம். மண்டபத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் அச்சகத்துக்கும் சாப்பாட்டுக்கும் வரவுசெலவுக் கணக்கில் ஒவ்வொரு வரி இருக்கிறது. படத்துக்கு மட்டும் இல்லை. யாரும் வேண்டுமென்று செய்வதல்ல இது. முகநூலில் சும்மா பார்க்கக் கிடைக்கும் ஒன்றுக்கு விலையும் இருக்கலாம் என்ற எண்ணம் இதுவரை யாருக்கும் எழவில்லை, அவ்வளவுதான்.

இணையத்தில் ஒரு கடையைத் திறந்துவிட்டால் வாங்குபவர் தாமாக வந்துவிடுவார் என்று இளம் படப்பிடிப்பாளர்களுக்கு அடிக்கடி சொல்லப்படுகிறது. எட்சி, ரெட்பபிள், ஃபைன் ஆர்ட் அமெரிக்கா, சாச்சி ஆர்ட் என்று தளங்களுக்குக் குறைவில்லை. ஆனால், அத்தளங்களில் "இலங்கை" என்று தேடும் ஓர் அந்நியர் சீகிரியாவையும் தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தையும் தென்கரையில் கம்பின்மேல் இருந்து மீன்பிடிப்பவரையும் எதிர்பார்த்தே வருகிறார்; அவை ஏற்கெனவே குவிந்து கிடக்கின்றன. முத்தையன்கட்டுக் குளம் என்றோ வவுனிக்குளம் என்றோ வட்டுவாகல் பாலம் என்றோ தட்டச்சுச் செய்து தேடுபவர், அந்தத் தண்ணீரில் குளித்தவராகவோ அந்தப் பாலத்தைக் கடந்தவராகவோதான் இருப்பார். அவரும் ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் தமக்குத் தெரிந்த எழுத்துக்கூட்டலில்தான் தேடுவார். முல்லைத்தீவு என்ற பெயருக்கே புழக்கத்தில் உள்ள எழுத்துக்கூட்டல்கள் ஒன்றிரண்டல்ல. ஆகவே படத்தின் தலைப்பிலும் விபரத்திலும் ஊர்ப் பெயரைத் தமிழிலும், வழங்கும் எல்லா ஆங்கில வடிவங்களிலும் எழுதி வைக்கும்படி சக படப்பிடிப்பாளர்களுக்குச் சொல்லிவருகிறேன். இது சிறிய வேலை. ஆனால், தேடுபவரும் படமும் சந்திப்பது பெரும்பாலும் இதில்தான் தங்கியிருக்கிறது.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. பறவைப் படங்களை உலகெங்கும் உள்ள பறவை ஆர்வலர்கள் ஊர் பாராமல் வாங்குவார்கள். மன்னார் வங்காலைச் சரணாலயம் 2010இல் சர்வதேச முக்கியத்துவமுள்ள ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அங்கு வந்திறங்கும் பூநாரைக் கூட்டத்தின் படத்துக்கு ஊர்க்காரரே வாங்குபவராக இருக்க வேண்டுமென்ற கட்டாயம் இல்லை. அத்தகைய படங்களை வைத்திருப்பவர்கள் பெரிய தளங்களைத் தாராளமாக முயன்று பார்க்கலாம். மற்றவர்களுக்கு உங்கள் அங்கத்தவர் பட்டியலுக்கு ஈடான சந்தை வேறெதுவும் இல்லை.

எந்தப் படம் விரும்பப்படுகிறது, எந்தப் படம் வாங்கப்படுகிறது என்பவை வேறு வேறு விடயங்கள். இடிந்த வீடும் குண்டு துளைத்த சுவரும் முகநூலில் நூற்றுக்கணக்கான பகிர்வுகளைப் பெறும். அவற்றைத் தம் வரவேற்பறையில் மாட்டி வைத்து நாள்தோறும் பார்க்க யாரும் கேட்பதில்லை. கேட்கப்படுபவை, இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்து வெள்ளம் பாயும் காட்சி, பெரும்போக அறுவடைக்கு முந்திய வயல், வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் வைகாசிப் பொங்கல், மடுத் திருவிழாவுக்குப் போகும் சனம், மன்னார் பள்ளிமுனையின் பெருக்கமரம் (பாவோபாப்), தாம் படித்த பாடசாலையின் பழைய மண்டபம் ஆகியவை. குறிப்பாக அந்த மண்டபம்! கலைக்கண்ணோடு பார்த்தால் அதில் ஒன்றுமில்லை, ஓட்டுக்கூரையும் அரைச்சுவரும்தான். எனினும் பழைய மாணவர் ஒருவருக்கு விற்கக்கூடிய படம் எதுவென்று என்னைக் கேட்டால் முதலில் அதைத்தான் சொல்வேன்.

விற்கக் கூடாதென்று நான் கருதும் படங்களும் உள்ளன. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்களது போராட்டத்தைப் படமெடுக்காதவர் எங்களில் இல்லை. அந்தத் தாய்மாரின் முகங்கள் செய்திக்கும் ஆவணத்துக்கும் உரியவை. எண்ணிட்டுக் கையொப்பமிட்டுப் படச்சட்டத்துக்குள் போட்டு விற்பதற்குரியவை அல்ல. சில சங்கங்கள் நிதிசேர் நிகழ்வுகளுக்கு இத்தகைய படங்களைப் பெரிதாக அச்சிட்டுத் தரும்படி கேட்பதுண்டு. படத்தில் உள்ளவரின் சம்மதத்தை அவர் விளங்கும்படி கேட்டுப் பெறாமல் அதைச் செய்ய முடியாது என்பதையும், சம்மதம் கிடைத்தாலும் வருவாயில் முதற்பங்கு அவருக்கே போக வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

வாங்க ஒருவர் ஆயத்தமானாலும் காசு இங்கே வந்து சேர்வது தனிப் பிரச்சினை. இணையப் பணப்பரிமாற்றச் சேவையான பேபாலில் இலங்கையிலிருந்து கணக்குத் திறக்கலாம், அதனால் செலுத்தலாம். ஆனால் வெளிநாட்டிலிருந்து அதற்குள் பணம் பெறும் வசதி நீண்ட காலமாக இங்குள்ள கணக்குகளுக்கு இல்லாமலே இருந்துவந்திருக்கிறது. படம் விற்கும் தளங்களில் பல, விற்றவரின் பங்கைப் பேபால் வழியாகவே கொடுப்பவை. எட்சியின் சொந்தப் பணப்பெறுகை முறையிலும் ஸ்ட்ரைப் என்ற பணப்பெறுகைச் சேவையிலும் இலங்கை விற்பனையாளருக்கு இடமிருக்கவில்லை. பேஹியர் போன்ற உள்நாட்டு இணையக் கட்டண வாயில்கள் வெளிநாட்டு வங்கி அட்டைகளை ஏற்கின்றன. பேயோனியர் என்ற பணப்பரிமாற்றச் சேவை ஊடாகவும் சில தளங்களின் வருவாயைப் பெறலாம். வருமானத்துக்கு உறுதியில்லாத இளைஞர் ஒருவர் ஓர் இணையத்தளம், ஒரு வாயில், ஒரு வணிகப் பதிவு என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டிருக்கும்போதே வாங்க வந்தவர் போய்விடுவார். உங்கள் சங்கங்களுக்கோ அந்நாட்டு வங்கிக் கணக்கும் பொருளாளரும் இருக்கிறார்கள். ஊருக்குக் காசு அனுப்பும் வழியைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தியும் வருகிறீர்கள். வாங்குபவர்களின் கட்டளைகளை (ஓடர்களை)ச் சேர்த்து, அந்தக் காசை மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரே தொகையாகப் படப்பிடிப்பாளரின் வங்கிக் கணக்குக்கு அனுப்பினால் இந்தத் தடைகள் எல்லாம் தேவையற்றுப் போகின்றன.

அச்சை எங்கே போடுவது என்பதிலும் எனக்குத் தெளிவான கருத்து உண்டு. இங்கே அச்சிட்டுக் குழாயில் சுருட்டித் தபாலில் அனுப்பும் முறை இனி மலிவானதல்ல. ஐரோப்பிய ஒன்றியம் 22 யூரோவுக்குக் குறைந்த பொதிகளுக்கு வழங்கிவந்த வரிவிலக்கை 2021 யூலை 1 உடன் நீக்கிவிட்டது. ஐக்கிய அமெரிக்கா 800 டொலர் வரையான பொதிகளுக்கு இருந்த தீர்வை விலக்கை 2025 ஓகஸ்ட் 29 முதல் எல்லா நாடுகளுக்கும் நிறுத்திவிட்டது. வாங்கியவர் தபாலகத்துக்குப் போய் வரியும் கையாளும் கட்டணமும் கட்டிப் படத்தை மீட்க வேண்டி வந்தால் அவர் இரண்டாவது படத்தைக் கேட்கப் போவதில்லை. எனவே கோப்பு இங்கிருந்து போகட்டும், அச்சு ரொறன்ரோவிலோ லண்டனிலோ பாரிசிலோ நடக்கட்டும். அங்குள்ள நல்ல அச்சுக்கூடங்களில் நிறமி மையும் அமிலமற்ற பருத்திக் காகிதமும் கிடைக்கும். அவை சாதாரண மையையும் காகிதத்தையும் விட மிக நீண்ட காலம் நிறம் மங்காமல் நிற்கும்.

ஆனால் கோப்பு விடயத்தில் ஒழுங்கு வேண்டும். வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் நீளப் பக்கத்தில் ஏறத்தாழ 1600 பிக்சலுக்குச் சுருங்கிவிடுகிறது. அங்குலத்துக்கு 300 பிக்சல் என்ற கணக்கில் அது ஐந்து அங்குலத்துக்குச் சற்று மேல்தான் காணும். மேடைப் பின்னணியில் ஊர்ப் படம் புகை படிந்ததுபோல் தெரிவதற்குக் காரணம் இதுவே, படமெடுத்தவரின் கமரா அல்ல. 24 மெகாபிக்சல் கமராவின் முழுக் கோப்பு 6000க்கு 4000 பிக்சல் கொண்டது. அதே கணக்கில் 20 அங்குல நீளம் வரை தெளிவாக அச்சிடலாம், சற்றுத் தள்ளி நின்று பார்க்கும் சுவர்ப்படமானால் 30 அங்குலத்துக்கும் துணியலாம். முழுக் கோப்பை இணையச் சேமிப்பகத்தின் வழியே நாங்கள் தருவோம். அளவு தெரிவு செய்யும்போது 12க்கு 18, 16க்கு 24, 20க்கு 30 அங்குலம் என்ற அளவுகளைக் கேளுங்கள்; எங்கள் கமராப் படத்தின் 2க்கு 3 விகிதம் இவற்றுக்குத்தான் பொருந்தும். கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் 16க்கு 20 சட்டத்துக்குப் பொருத்தினால் எங்கள் கமராக்களின் படத்தில் ஒரு பக்கம் வெட்டுப்படும், கோபுரக் கலசம் போய்விடும். முதற்பிரதியை அச்சிட்டதும் பகல் வெளிச்சத்தில் பார்த்து எங்களுக்குச் சொல்லுங்கள். கிரவல் வீதியின் சிவப்பும் இளநெல்லின் பச்சையும் அச்சில் எளிதாகப் பிசகிவிடக்கூடியவை.

உரிமை பற்றியும் எழுத்தில் ஓர் உடன்பாடு இருக்கட்டும். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி ஒளிப்படத்தின் பொருளாதார உரிமை எடுத்தவரின் வாழ்நாளுக்கும் அதன்பின் 70 ஆண்டுகளுக்கும் பாதுகாக்கப்படுகிறது. அச்சுப் பிரதியை விற்பது அந்த உரிமையை விற்பதாகாது. விற்ற பிரதி வாங்கியவருக்கு. மலரிலோ நாட்காட்டியிலோ போட வேண்டுமானால் அது வேறு அனுமதி, வேறு கட்டணம். "3/25", அதாவது இருபத்தைந்தில் மூன்றாவது பிரதி, என்று எண்ணிட்டுப் பிரதிகள் வெளியிட்டால் இருபத்தைந்துக்கு மேல் அந்த அளவில் அச்சிடுவதில்லை என்பதில் நாங்களும் நீங்களும் ஒரே உறுதியாக நிற்க வேண்டும், இல்லையேல் எண்ணுக்குப் பெறுமதி இல்லை. எல்லாப் படத்துக்கும் எண் போட வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. பாடசாலை மண்டபத்தின் படத்தை எத்தனை பேர் கேட்டாலும் கொடுக்கலாம்.

விலைக்கு வருகிறேன். எட்சி ஒரு பொருளைப் பட்டியலிட 20 அமெரிக்க சதமும் விற்பனையில் 6.5 சதவீதமும் எடுக்கிறது. பணம் பெறும் கட்டணம் அதற்கு மேல். சாச்சி ஆர்ட் எடுப்பது இதைவிடப் பெரிய பங்கு. சங்கம் ஓரளவு எடுத்துக்கொள்வதில் எங்களுக்கு மறுப்பில்லை. உதாரணமாக 100 கனேடிய டொலருக்கு ஒரு படம் விற்று, அச்சுக்கும் சட்டத்துக்கும் 40 போனால், மீதி 60இல் 15ஐச் சங்கத்தின் மாணவர் நிதிக்கு வைத்துக்கொண்டு 45ஐ எடுத்தவருக்கு அனுப்பலாம். நான் ஏற்க விரும்பாதது, படத்தை இனாமாகப் பெற்று ஏலத்தில் விட்டு முழுத்தொகையையும் ஊர்ப்பணிக்கு என்று அறிவிக்கும் வழக்கம். எடுத்தவரும் அந்த ஊரில்தான் இருக்கிறார், அவருக்கும் கமரா லென்ஸ் பழுதாகிறது, பிள்ளைகள் பாடசாலை போகிறார்கள். படத்தை உதவிப் பொருளாக வாங்க வேண்டாம். பிடித்திருந்தால் மட்டும் வாங்குங்கள்; பிடிக்கவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள், வேறு படம் எடுக்க எங்களுக்கு அது உதவும்.

எங்கள் பக்கத்துக் கடமைகளையும் மறைக்கவில்லை. சொன்ன திகதியில் கோப்பை அனுப்புவது, வானத்தை மாற்றி ஒட்டாமல் இருப்பது, எந்த இடம், எந்த ஆண்டு என்று ஒவ்வொரு படத்துக்கும் சரியான குறிப்பு எழுதுவது ஆகியவற்றை நீங்கள் எதிர்பார்க்கலாம். ட்ரோன் படம் கேட்பவர்கள் மட்டும் சற்றுப் பொறுக்க வேண்டும்; அதற்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகள் உண்டு, "ஒருக்கா மேல விட்டு எடுங்கோ" என்று தொலைபேசியில் சொன்னவுடன் செய்யக்கூடியதல்ல.

இப்போது உங்களிடம் கேட்பது இதுதான். வரும் தைப்பொங்கல் விழாவில் மண்டபத்தின் ஒரு மூலையில் ஒரு மேசை தாருங்கள். பத்துப் பன்னிரண்டு மாதிரிப் பிரதிகளை உங்கள் ஊரிலேயே அச்சிட்டு வைத்து, கட்டளை எழுத ஓர் இளைஞரை இருத்துங்கள். கைபேசியில் பார்த்து விட்டுப்போன படத்தைக் காகிதத்தில் இரண்டு அடி அகலத்தில் பார்த்தபின் வாங்குபவர் உண்டு. மேசைக்கு வர முடியாதவர்களுக்காகச் சங்கத்தின் இணையப் பக்கத்தில் அதே படங்களையும் விலைகளையும் போடுங்கள். மாதிரி அச்சுச் செலவை விற்பனையிலிருந்து முதலில் கழித்துக்கொள்ளலாம். எந்தெந்த ஊர்களின் படங்கள் வேண்டும் என்பதை ஐப்பசிக்கு முன் அறியத் தந்தால், மாரியில் குளங்கள் நிரம்பும் நாட்களிலேயே சென்று எடுத்து, மார்கழி முதல் வாரத்தில் கோப்புகளை அனுப்பிவைக்க எங்களால் இயலும்.

இப்படிக்கு,
வன்னியிலிருந்து ஒரு படப்பிடிப்பாளர்