ம்கோய், தோச்சே: காலம் தாழ்த்திய ஒரு நன்றி மடல்

அன்புக்கும் மதிப்புக்கும் உரியவர்களுக்கு,

வணக்கம். 2017 ஆகஸ்டில், பத்தொன்பது வயதில், கனடாவின் ஸ்காபரோவிலிருந்து புறப்பட்டேன். யூட்டா மாநிலத்துப் புரோவோ நகரில் ஒன்பது வாரம் மொழிப் பயிற்சி பெற்று, பின்னர் ஹொங்கொங்கில் எங்கள் சபையின் ஊழியக்காரனாக இருந்து, 2019 ஆகஸ்டில் வீடு திரும்பினேன். பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பது அதன் முழுப்பெயர். மோர்மன்கள் என்றால்தான் பலருக்கு விளங்கும். வெள்ளைச் சட்டையும் கழுத்துப்பட்டியும் கறுப்புப் பெயர்ச்சின்னமும் அணிந்து, இருவர் இருவராகத் தெருவில் நின்று பேசும் இளைஞர்களை நீங்கள் கண்டிருப்பீர்கள். அவர்களில் ஒருவனாக நானும் இருந்தேன். திரும்பி வந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அன்றே எழுதியிருக்க வேண்டிய மடல் இது.

நான் நன்றி சொல்ல வேண்டியவர்களில் பெரும்பாலோருக்குத் தமிழ் தெரியாது. சிலருக்குச் சீனத்தில் கைப்பட எழுதி அனுப்பிவிட்டேன். சிலருடைய முகவரியே என்னிடம் இல்லை. இருந்தும் எல்லோரும் காணத் தமிழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. பிறருக்கு மதம் படிப்பிக்கப் போனவன் என்றே என் உறவினர் பலர் என்னை நினைக்கிறார்கள்; சிலருக்கு அதில் இன்னும் கோபம். போனது அதற்குத்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த இரண்டு ஆண்டுகளிலும் யார் யாருக்குப் படிப்பித்தார்கள் என்பதை என் சொந்தச் சனம் அறிய வேண்டும்.

முதலில் அப்பாவுக்கு. அவர் சைவர். அம்மாவும் நானும் சபையில் சேர்ந்தபோது அவர் சேரவில்லை, தடுக்கவும் இல்லை. எங்கள் ஊழியத்துக்குச் சம்பளம் கிடையாது. போகிறவரோ அவருடைய குடும்பமோ மாதாமாதம் பணம் கட்ட வேண்டும். பலசரக்குக் கடையில் வேலை செய்து நான் சேர்த்தது பதினான்கு மாதங்களுக்கே போதுமானதாக இருந்தது. எஞ்சிய பத்து மாதங்களையும் அப்பா தம் இரவு வேலைச் சம்பளத்திலிருந்து கட்டினார். "எனக்கு உங்கட சபை விளங்கேல்லை. நீ ஒரு பாஷை படிக்கப் போறாய் எண்டது விளங்குது" என்று சொல்லிவிட்டு, விமான நிலையத்தில் என் பெட்டியைத் தாமே தூக்கி நிறுவையில் வைத்தார். தாம் நம்பாத ஒன்றுக்காக ஒருவர் பணம் கட்டுவது எவ்வளவு கடினம் என்பது, எனக்குச் சம்பளம் வரத் தொடங்கிய பிறகே உறைத்தது.

புரோவோவில் எங்களுக்குக் கற்பித்த ஆசிரியைக்கு அடுத்த நன்றி. ஹொங்கொங்கில் பிறந்து, புரோவோவில் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த அவர், இரண்டாம் நாளே வகுப்பில் ஆங்கிலத்தை நிறுத்திவிட்டார். ஹொங்கொங்கில் பேசப்படும் சீன மொழியான கன்ரனீஸில் தொனிகள் ஆறு. 'சி' என்ற ஒரே அசை, குரல் நிற்கும் உயரத்தையும் அது ஏறி இறங்கும் விதத்தையும் பொறுத்து, கவிதை, வரலாறு, முயற்சி, நேரம், சந்தை, காரியம் என்று ஆறு பொருள் தரும். வரலாற்றுக்குரிய அதே தொனியில்தான் மலத்துக்குரிய சொல்லும் இருக்கிறது என்பதை முகம் மாறாமல் சொல்லித்தந்தார். சீனப் பெயர் வைப்பதற்காக என் குடும்பப் பெயரைக் கேட்டார். நம் வழக்கப்படி அது என் அப்பாவின் பெயர்தான் என்று விளக்கினேன். அது 'லோ' என்று தொடங்குவதால், லோ என்ற சீனக் குடும்பப் பெயர் எனக்குக் கிடைத்தது; ஊழியக்காரரை 'மூப்பர்' என்று அழைக்கும் எங்கள் வழக்கப்படி நான் லோ மூப்பர் ஆனேன். சபையில் சேராத அப்பாவின் பெயர், சபையின் பெயர்ச்சின்னத்தில், இரண்டு ஆண்டுகள் என் நெஞ்சில் இருந்தது. இதைக் கேட்ட அப்பா, "பாதியை வெட்டிப்போட்டாங்கள்" என்றார்.

என் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு ஆசிரியருக்கும் இந்த மடலில் இடம் உண்டு. அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார். கன்ரனீஸில் 'நான்' என்பது 'ஙோ'. சொல்லுக்கு முதலில் அப்படியோர் ஒலி வரலாம் என்பதை நம்புவதற்கே என் வகுப்பிலிருந்த அமெரிக்கப் பையன்களுக்கு ஒரு வாரம் தேவைப்பட்டது. 'ஙப்போல் வளை' என்று எட்டு வயதில் ஐம்பது முறை எழுதவைத்த ஆசிரியர்மேல் எனக்கிருந்த கோபம் அன்றுதான் தீர்ந்தது. (ஹொங்கொங்கில் இறங்கிப் பார்த்தால், அங்குள்ள இளையவர்கள் பலர் அந்த ஙகரத்தை விழுங்கிவிட்டு வெறும் 'ஓ' என்கிறார்கள். 'சோம்பல் ஒலி' என்று பெரியவர்கள் கடிந்துகொள்கிறார்கள். என் பெருமை இரண்டு நாள் நிலைத்தது.) உறவுப் பெயர்களும் எனக்கு எளிதாகவே வந்தன. ஆங்கிலத்தில் அம்மம்மாவுக்கும் அப்பம்மாவுக்கும் ஒரே சொல் என்பதால் மற்றவர்கள் தடுமாறினார்கள். நானோ அம்மம்மாவுக்குப் 'போபோ', அப்பம்மாவுக்கு 'மாமா' என்று ஒரே மாலையில் பாடமாக்கிவிட்டேன். அப்பம்மாவை மாமா என்று கூப்பிடும் ஊரை நினைத்துச் சிரித்த சிரிப்பில் அது மறக்கவே இல்லை.

அதற்குப் பிறகு எளிதாக எதுவும் வரவில்லை. 2017 ஒக்ரோபரில் தூன்மூன் பகுதிக்கு அனுப்பப்பட்டேன். முதல் மூன்று மாதமும் யார் என்ன சொன்னாலும் தலையாட்டினேன்; என்ன சொல்கிறார்கள் என்பது என் துணை ஊழியக்காரர் சொன்னால்தான் எனக்குத் தெரியும். என்னைவிட ஒரே வயது மூத்த அவர், ஒவ்வொரு கதவுக்கு முன்னாலும் ஒரு வாக்கியத்தையாவது என்னைப் பேசவிட்டு, நான் பேசிக் குழப்பியதைத் தாம் பேசிச் சரிசெய்தார். அவருடைய பொறுமைக்கு நன்றி.

அங்கே ஒரு பொதுக் குடியிருப்பின் பதினேழாம் மாடியில் தனியாக வசித்த முதியவர் ஒருவரை, அந்த ஊர் முறைப்படி, போபோ என்றே அழைத்தோம். வீட்டுக்குள் குவான்யின் அம்மனுக்கு ஊதுபத்தி எரிந்துகொண்டிருக்கும். ஆனாலும் எங்களைக் கதவுக்கு வெளியே நிற்கவிடமாட்டார். கன்ரனீஸில் கர்த்தருக்குரிய சொல் 'ச்யூ'. குரல் தாழத் தொடங்கி மேலே ஏற வேண்டும். ஏறாமல் உயரத்திலேயே நின்றுவிட்டால் அது பன்றி. ஏறத்தாழ ஒரு மாதம், பன்றி உங்களை நேசிக்கிறது என்று நான் வீடு வீடாகச் சாட்சி சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். கேட்டவர்கள் சிலர் சிரித்தார்கள், சிலர் மரியாதையாகக் கதவைச் சாத்தினார்கள். போபோ மட்டும் என் மணிக்கட்டைப் பிடித்தார். இஞ்சி மணத்த அந்தக் கை, என் கையை மேசை விளிம்பிலிருந்து தோள் உயரம்வரை மெதுவாக உயர்த்தியது. உயர்த்திக்கொண்டே அவர் சொன்னார், "ச்யூ". கையை இறக்கி மறுபடியும் உயர்த்தினார். நான்காம் முறையில் எனக்குப் பிடிபட்டது. "உன் கடவுள் எனக்கு வேண்டாம். ஆனால் அவரைப் பன்றி என்று சொல்லித் திரியாதே" என்றார். இன்றும் செபத்தில் அந்தச் சொல் வரும்போது என் வலக்கை தானாகச் சற்று உயர்கிறது.

கன்ரனீஸில் நன்றிக்கு இரண்டு சொற்கள் உண்டு. வழி விட்டவருக்கும், கதவைப் பிடித்துக்கொண்டவருக்கும், சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுவந்து வைத்தவருக்கும் 'ம்கோய்'. பரிசு தந்தவருக்கும் விருந்து வைத்தவருக்கும் பாராட்டியவருக்கும் 'தோச்சே'. இரண்டையும் மாற்றிச் சொல்லிப் பலரைக் குழப்பியிருக்கிறேன். எனக்கு ஒரு தொனியைத் திருத்தித் தந்தவருக்கு எதைச் சொல்வது? அது உதவியா, கொடையா? இதைப் பலரிடம் கேட்டேன். சிரிக்காமல் பதில் சொன்னவர் ஷாம்ஷுய்போவில் நாங்கள் இருந்த பழைய அடுக்குமாடியின் இரவுக் காவலாளி: "என்னிடம் ம்கோய் போதும்."

அந்தக் காவலாளியைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். 2018 பெப்ரவரி முதல் செப்ரெம்பர் வரை, ஒவ்வோர் இரவும் ஒன்பது மணியளவில் நாங்கள் திரும்பும்போது, மடக்கு நாற்காலியில் குதிரைப் பந்தயப் பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு மின்தூக்கிக்குப் பக்கத்தில் அமர்ந்திருப்பார். மின்தூக்கி மெதுவானது, அது வந்து சேர்வதற்குள் ஒரு சொல் கற்றுத்தருவது அவர் வழக்கமாயிற்று. புதன்கிழமைகளில் ஹப்பிவலி மைதானத்துக் குதிரைப் பந்தயத்தை வானொலியில் கேட்பார். அறிவிப்பாளர் மூச்சுவிடாமல் கொட்டும் இலக்கங்களை நான் பிடித்துச் சொல்ல வேண்டும். தவறினால் மின்தூக்கியில் ஏறவிடமாட்டார். பந்தயம் கட்டுவது எங்கள் சபையில் விலக்கப்பட்டது. பந்தயத்தில் எண்ணைக் கற்பது விலக்கப்படவில்லை என்று நானே தீர்மானித்துக்கொண்டேன். எங்கள் கூட்டத்துக்கு அவர் ஒருமுறையும் வரவில்லை. எங்கள் வேதநூலான மோர்மன் புத்தகம் ஒன்று கொடுத்தோம்; நாற்காலிக் காலின் ஆட்டத்தை நிறுத்த அது உதவியதைக் கண்டபோது முதலில் வருந்தினேன். ஆனால் அந்த நாற்காலியில் இருந்தபடிதான் அவர் எனக்குப் படிப்பித்தார் என்பதால், அந்தப் பிரதியும் ஊழியம் செய்தது என்றே இப்போது நினைக்கிறேன்.

2018 செப்ரெம்பர் 16, ஞாயிற்றுக்கிழமை, மங்குட் சூறாவளி வந்தது. அங்கே ஆக உயர்ந்ததான பத்தாம் இலக்க எச்சரிக்கை ஏற்றப்பட்டிருந்ததால் அன்று ஆராதனை இல்லை. காவலாளி வீட்டுக்குப் போக முடியாமல் கட்டடத்திலேயே தங்கியிருந்தார். படியேறி வந்து, எங்கள் சாளரக் கண்ணாடிகளில் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டுநாடா ஒட்டித்தந்தார். மூவரும் தரையில் இருந்து நூடில்ஸ் சாப்பிட்டோம். அவர் என்னை 'ஸாய்லோ' என்றுதான் எப்போதும் கூப்பிடுவார். இரண்டாம் அசை தாழ்ந்து நின்றால் அதற்குப் பொருள் பொடியன். அதே அசை மேலே ஏறினால், தம்பி. ஏழு மாதம் பொடியனாக இருந்தேன். அன்று நூடில்ஸ் கிண்ணத்தை நீட்டியபோது அந்த அசை ஏறியதைக் கேட்டேன். பிழையாகக் கேட்டேனோ என்று அடுத்த நாள் மறுபடி கவனித்தேன்; ஏறியே இருந்தது. இரண்டு ஆண்டுகளில் என் மூலம் ஞானஸ்நானம் பெற்றவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். என் காது தேறிவிட்டது என்று எனக்குத் தெரிந்த நாள் அதுதான்.

எங்கள் சபையின் முதல் ஊழியக்காரர்கள் மூவர் 1853இல் ஹொங்கொங்குக்கு வந்து, இரண்டு மாதங்கூடத் தரிக்க முடியாமல் திரும்பிப் போனார்கள். செலவு, சீனாவில் அப்போது நடந்த தைப்பிங் கிளர்ச்சி, மொழி என்று அதற்குக் காரணங்கள் சொல்லப்படுகின்றன. அவர்களுக்கு மெதுவான ஒரு மின்தூக்கியும் அதன் பக்கத்தில் ஒரு காவலாளியும் வாய்க்கவில்லை என்று நான் சேர்த்துக்கொள்வேன்.

கசப்பான ஒன்றையும் சொல்லாமல் விட்டால் இந்த மடல் உண்மையாக இராது. இரண்டு வார்த்தை கன்ரனீஸ் பேசிய வெள்ளைக்காரத் துணைக்குத் தெருவில் பாராட்டுக் கிடைக்கும். அவரைவிடச் சரளமாகப் பேசினாலும் எனக்கு அது கிடைக்காது. தெற்காசியர்களை இழித்துச் சொல்லும் 'ஆச்சா' என்ற சொல் என் முதுகுக்குப் பின்னால் சில முறை கேட்டது. கேட்காதது போல நடப்பதற்கும் பழகியிருந்தேன். ஒரு மாலை சந்தைத் தெருவில் அது கேட்டபோது, பழம் விற்றுக்கொண்டிருந்த பெண்மணி கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டு, அதைச் சொன்னவரை, அந்தத் தெரு முழுவதும் திரும்பிப் பார்க்கும்படி ஏசினார். அவர் பயன்படுத்திய சொற்களை எந்தப் பயிற்சி நிலையத்திலும் படிப்பிக்கமாட்டார்கள். பின் ஒன்றும் நடக்காததுபோல எனக்கு ஒரு தோடம்பழம் தந்தார். அம்மையாரே, அன்று குழப்பத்தில் ம்கோய் என்றுவிட்டேன். தோச்சே என்று சொல்லியிருக்க வேண்டும்.

தேநீர் எங்கள் சபையில் விலக்கு. தேநீரைச் சுற்றியே வாழும் ஊரில் இது பெரும் சங்கடம். காலை விருந்துக்கே 'தேநீர் அருந்துதல்' என்று பெயர். என்னை முதன்முதலில் அப்படியொரு விருந்துக்கு அழைத்த முதியவர், காரணம் எதுவும் கேட்காமல், எனக்கு மட்டும் வெந்நீர்க் குடுவை ஒன்று வரவழைத்து, தேநீரை ஊற்றும் அதே பக்குவத்தோடு கிண்ணத்தில் ஊற்றினார். அங்குள்ள வழக்கப்படி இரு விரலால் மேசையைத் தட்டி நன்றி சொன்னேன். வெந்நீருக்குத் தட்டியவன் நீதான் முதல் ஆள் என்று மேசையே சிரித்தது.

பிலிப்பீன்ஸ் நாட்டுச் சகோதரிகளுக்கும் நன்றி. வீட்டுப் பணிப்பெண்களான அவர்களில் ஞாயிறு விடுமுறை கிடைக்காதவர்களுக்காக எங்கள் சபை வாரநாள்களிலும் ஆராதனை நடத்தியது. வாரத்தில் ஒரே ஒரு நாள் ஓய்வு. அந்த நாளிலும் எங்களுக்குச் சோறு கட்டிக்கொண்டு வந்தார்கள்.

அம்மாவுக்கு நான் எழுத வேண்டியது நீளமானது. அது எங்களுக்குள் இருக்கட்டும். 2019 பெப்ரவரிவரை ஊழியக்காரர்கள் வீட்டுக்குப் பேச முடிந்தது ஆண்டுக்கு இரண்டே முறை, நத்தாருக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டும். முதல் நத்தாரன்று என் தமிழுக்குள் கன்ரனீஸ் புகுந்து நான் திணறியபோது, "ஆறுதலாச் சொல்லு, நான் எங்கயும் போகேல்லை" என்ற அந்த ஒரு வரிக்கு மட்டும் இங்கே நன்றி.

கடைசியாக, எங்கள் பக்கத்து வீட்டு அன்ரிக்கு. 1997க்கு முன் ஹொங்கொங்கிலிருந்து வந்து அஜின்கோர்ட்டில் குடியேறியவர். பனிக்காலத்தில் அவருடைய வாசலிலும் அப்பா பனி வழிப்பார். அவர் பூசணி வகைச் சூப் கொடுத்துவிடுவார். பதினைந்து ஆண்டுகள் இரு வீடுகளும் பத்து ஆங்கில வார்த்தைகளோடு சமாளித்தன. நான் திரும்பி வந்த மறுநாள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, சாப்பிட்டாயிற்றா என்று அவர் மொழியில் கேட்டேன். அவர் தண்ணீர்க் குழாயை மூட மறந்து நின்றார். அரைமணி நேரம் பேசினோம். முடிவில், என் உச்சரிப்பு நன்றாக இருக்கிறது, ஆனால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் இப்படிப் பேசமாட்டார்களே, குதிரைப் பந்தயம் பார்க்கும் ஷாம்ஷுய்போக் கிழவன் பேசுவதுபோல் இருக்கிறதே, எங்கே படித்தாய் என்று கேட்டார்.

நன்றியுடன்,
லோ மூப்பர்
ஸ்காபரோ