ஏழரைக் கலைப் பிசகு

கொடைக்கானல்
ஜனவரி 11, 2026

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் கிடைத்தது. ஊட்டியில் நீ எடுத்த படத்தில் குறுங்கோள் இருக்கும் இடத்துக்கும் ஜே.பி.எல். ஹொரைசன்ஸ் (வான்பொருள்கள் எங்கே தெரியும் என்று கணக்கிட்டுத் தரும் நாசா தளம்) தந்த பட்டியலுக்கும் ஆர்.ஏ.வில் (வானத்தில் கிழக்கு-மேற்கு அளவு, மணி நிமிடத்தில் எண்ணுவது) 1 நிமிடம் 23 நொடி, டெக்கில் (வடக்கு-தெற்கு அளவு) ஏழரைக் கலை (பாகையில் அறுபதில் ஒன்று கலை, அதில் அறுபதில் ஒன்று விகலை) உதைக்கிறது என்கிறாய். ஏழரை என்றதும் சனி மேல் பழி போடாதே. கேமராவும் நன்றாகத்தான் இருக்கிறது. எல்லாப் படத்திலும் ஒரே திசையில், ஒரே அளவில் தள்ளியிருக்கிறதே, அதுதான் துப்பு.

கையா விண்கலம் அளந்த விண்மீன்களோடு ஒப்பிட்டுப் படத்தில் இடத்தைக் கணித்ததால் உன் எண்கள் ஜே2000 கணக்கு, அதாவது 2000-ஆம் ஆண்டுத் தொடக்கத்து வானச் சட்டம். பட்டியலோ படம் எடுத்த அன்றைய சம இரவுப் புள்ளியிலிருந்து (மார்ச்சில் சூரியன் வான நடுக்கோட்டைக் கடக்கும் இடம்) எண்ணுகிறது. அந்தப் புள்ளி வருஷத்துக்கு 50.3 விகலை மேற்கே நழுவுகிறது. 26 வருஷத்தில் கிட்டத்தட்ட 22 கலை. பஞ்சாங்கக்காரர்கள் அயனாம்சம் என்று கழிப்பதும் இதே நழுவலைத்தான், தொடங்கும் இடம்தான் வேறு. ஆர்.ஏ. 2 மணிக்குப் பக்கத்தில் அந்த 22 கலையை ஆர்.ஏ., டெக் என்று பிரித்துப் பார், நீ எழுதிய இரண்டு எண்ணும் அப்படியே வரும்.

அதைக் கழித்தாலும் சில விகலைகள் மிச்சம் நிற்கும். பட்டியலில் 'தோற்ற இடம்' என்ற பத்தியில் ஒளிப்பிறழ்ச்சியும் (பூமி ஓடுவதால் ஒளி வரும் திசை சாய்ந்து தெரிவது, அதிகம் போனால் 20.5 விகலை) பூமி அச்சின் தள்ளாட்டமும் சேர்ந்திருக்கும். படத்திலோ பக்கத்து விண்மீன்களும் கூடவே அதே அளவு நகர்வதால் அது அடிபட்டுப் போகிறது. எனவே ஹொரைசன்ஸில் முதல் தேர்வான 'அஸ்ட்ரோமெட்ரிக்' (இவை சேராத, ஜே2000 கணக்கு) எடு, இரண்டாவதான 'தோற்ற இடம்' வேண்டாம்.

பார்க்கும் இடத்தையும் உன் ஊருக்கு மாற்று. சும்மா விட்டால் பூமியின் மையத்துக்குக் கணக்குப் போடும். 1.5 வானியல் அலகு (பூமி-சூரியன் தூரம் ஓர் அலகு) தூரத்தில் அதனால் வரும் பிசகு 6 விகலை வரை போகும், 0.1 அலகில் வரும் கல்லுக்கு 88 விகலை! உயரம் கிலோமீட்டரில் கேட்கும், 2.24 என்று போடு. 2240 என்று போட்டால் உன் மொட்டைமாடி செயற்கைக்கோளுக்கு மேலே போய்விடும்.

நேரம் யூ.டி.யில் (உலக நேரம், நம் மணியில் ஐந்தரை மணி கழித்தது) போடு, ஷட்டர் திறந்த நொடி அல்ல, எக்ஸ்போஷரின் நடு நொடி. ஐந்தரை மணி கழிக்க மறந்தால் சாதாரணக் குறுங்கோளே மூன்று கலை நகர்ந்திருக்கும். டி.டி.பி.யில் (கோள்களின் ஓட்டத்தைக் கணக்கிடும் நேர அளவு) விட்டால் 69 நொடி பிசகும். அது ஒரு விகலைக்குள் அடங்குவதால் கண்ணில் படாமல் தங்கிவிடும்.

இன்னொன்று. நமக்கு நடுவே நேர்கோட்டில் 150 கிலோமீட்டர் சொச்சம். நிலா ஒரு பிரகாசமான விண்மீனை ஒட்டி வரும் ராத்திரி இருவரும் ஒரே நொடியில் படம் எடுத்தால் இரண்டு படத்திலும் அந்த விண்மீனிலிருந்து நிலா இருக்கும் இடம் 80 விகலை வரை விலகித் தெரியும். மூடுபனி விடுமா என்று பார்த்துத் தேதி எழுது.

அன்புடன்,
முருகேசன்