ஜப்பான்காரர் ஜப்பானிய மொழியிலேயே பாடட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஜப்பானியப் பாப் பாடகர்கள் வெளிநாட்டில் காலூன்றப் படும் சிரமத்தைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஆங்கிலத்தில் பாடினால்தான் எடுபடும் என்று அதை முடித்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நான் கடலூர், புதுச்சேரி பக்கம் கல்யாண வரவேற்புகளில் கீபோர்டு வாசிப்பவன். மஞ்சக்குப்பத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுக்கிறேன்.

1963-ல் ஜப்பானியப் பாடகர் கியூ சகாமோட்டோவின் பாட்டு அமெரிக்கப் பாடல் தரவரிசைப் பட்டியலில் மூன்று வாரம் முதலிடத்தில் இருந்தது. முழுக்க ஜப்பானிய மொழிப் பாட்டு. ஆங்கிலத்துக்கு மாறியவர்கள் பின்னால் வந்தவர்கள்தான். 'பிங்க் லேடி' என்ற இரு பெண்கள் குழுவினர் 1979-ல் 37-ஆம் இடம் வரை போனார்கள், அவ்வளவுதான். பாடகி உதடா ஹிகாரு நியூயார்க்கில் பிறந்தவர், ஆங்கிலம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஜப்பானில் 70 லட்சத்துக்கு மேல் விற்ற ஆல்பம் அவருடையது. அவரே 2004-ல் ஆங்கில ஆல்பம் போட்டபோது அமெரிக்காவில் 160-ஆம் இடத்தைத் தாண்டவில்லை. இதில் மொழி எங்கே குறுக்கே நின்றது?

என்னைக் கேட்டால், கதவைச் சாத்தி வைத்தது ஜப்பானில் உள்ள இசை நிறுவனங்கள்தான். அமெரிக்காவுக்கு அடுத்த பெரிய இசைச் சந்தை ஜப்பான். சிடி விற்பனையிலேயே வயிறு நிறைந்ததால் வெளியாள் கேட்கிறானா என்று பார்க்கவில்லை. யூடியூபில் பாட்டைப் பாதியோடு வெட்டிப் போட்டார்கள். இணையத்தில் பாட்டுக் கேட்கும் ஸ்பாட்டிஃபை சேவை அங்கே போனதே 2016-ல்தான்.

கதவு கொஞ்சம் திறந்ததும் நடந்ததைப் பாருங்கள். பாடகி மிகி மட்சுபாரா 1979-ல் பாடிய 'மயோனகா நோ டோவா' 2020-ல் உலகமெல்லாம் ஒலித்தது. இந்தோனேசியப் பெண் ஒருவர் ஜப்பானிய மொழியிலேயே அதைத் திரும்பப் பாடியதும் ஒரு காரணம். மட்சுபாரா 2004-லேயே காலமாகிவிட்டார். அவர் அதைப் பார்க்கவில்லையே என்று எனக்கு இன்றும் ஆற்றாமைதான்.

என் வகுப்புக்கு நெல்லிக்குப்பத்திலிருந்து வரும் பெண் அந்தப் பாட்டை நோட்டில் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருக்கிறாள். மூச்சு எடுக்க வேண்டிய இடத்தில் சிவப்புப் பேனாவால் கோடு. பொருள் முழுசாகத் தெரியாது, ஆனால் சுருதி விலகாமல் பாடுகிறாள். ஜப்பானியப் பாட்டில் அடிக்கடி வரும் கார்டு (chord, சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) வரிசை ஒன்று உண்டு: ஸ்கேலின் நாலு, ஐந்து, மூன்று, ஆறாம் ஸ்வரங்களில் தொடங்கும் கார்டுகள். அதை வாசித்துக் காட்டினால் பிள்ளைகள் உடனே, "சார், இது அனிமே பாட்டு மாதிரி இருக்கே!" என்கிறார்கள் (அனிமே என்றால் ஜப்பானியக் கார்ட்டூன் படம்). காது பிடித்துக்கொள்வது இதைத்தான்.

பாடகர் ஃபுஜீ காஸே சின்ன வயதிலிருந்து வீட்டில் பியானோ வாசித்து யூடியூபில் போட்டவர். 2020-ல் வந்த அவருடைய ஜப்பானியப் பாட்டு 2022-ல் தாய்லாந்தில் பற்றிக்கொண்டு பல நாடுகளுக்குப் பரவியது. சரி, 2025-ல் அவரும் ஆங்கில ஆல்பம் போட்டார். ஆனால் வெளிநாட்டார் அவரைத் தேடி வந்தது ஜப்பானியப் பாட்டைக் கேட்டுத்தானே?

நமக்கே இது தெரியாதா? ரஜினியின் 'முத்து' 1998-ல் ஜப்பானில் தமிழிலேயே ஓடியது. வசனம் புரிய கீழே ஜப்பானிய எழுத்து போட்டார்கள். பாட்டை யாரும் மாற்றிப் பாடவில்லை.

ஞாயிறு இணைப்பில் வாரம் ஒரு ஜப்பானியப் பாட்டை, பாடியவர் பெயரும் ஆண்டும் போட்டு அறிமுகம் செய்யுங்கள். பட்டியல் வேண்டுமென்றால் என் மாணவர்களே தருவார்கள்.

இப்படிக்கு,
மெல்லிசைக் குழுக் கலைஞர் ஒருவர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.