பி.டி. பீரியடைப் பறிக்காதீர்கள்: ஒரு கணக்கு ஆசிரியையின் வேண்டுகோள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மேலூர் பக்கம் ஒரு பள்ளியில் 22 வருடமாகப் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். அதில் 20 வருடம் பி.டி. பீரியடையும் சேர்த்து எடுத்துத்தான் பாடத்தை முடித்திருக்கிறேன். பொங்கல் கழிந்து திருப்புதல் தேர்வு தொடங்கிவிட்டால் யாரிடமும் கேட்கக்கூட மாட்டேன். சாக்பீஸோடு நேரே வகுப்புக்குள் போய்விடுவேன். பந்தோடு வாசலில் நிற்கிற பையன்கள் "இன்னைக்குமா டீச்சர்?" என்பார்கள். 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் நம் மதுரைப் பக்கத்துச் சக்கிமங்கலம் ரேவதி தொடர் ஓட்டத்தில் ஓடியபோது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பள்ளி திறந்த பிறகு நான் செய்தது என்னவோ பழைய வேலையைத்தான். அது பிள்ளைகளுடைய நேரம் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

போன வருடம் ஜூன் மாதம் எங்கள் பி.டி. சார் என்னிடம் வந்தார். "டீச்சர், எனக்கு எப்பவும் கடைசி பீரியடுதான் போடுறாக. உங்க கணக்குக்கு முந்தின பீரியடைக் குடுக்கச் சொல்லுங்க. மூணு மாசம் பாருங்க. சரிப்படலைன்னா நீங்களே எடுத்துக்கங்க" என்றார். தலைமை ஆசிரியர் ஒத்துக்கொண்டார். செவ்வாயும் வியாழனும் மூன்றாம் பீரியடு விளையாட்டு, நான்காவது கணக்கு என்று அட்டவணை மாறியது.

முதல் இரண்டு வாரம் எரிச்சல்தான். வியர்வையோடு வருவார்கள், தண்ணீர் குடிப்பார்கள், முகம் கழுவுவார்கள். ஐந்து நிமிடம் போய்விடும். ஆனால் சாப்பாட்டு மணிக்கு முந்தைய அந்தப் பீரியடில் வழக்கமாக வருகிற கொட்டாவியைக் காணவில்லை. காலை 8.15 சிறப்பு வகுப்புக்கு ஏழு மணிக்கே மினிபஸ் ஏறி வருகிற பிள்ளைகள் இவர்கள். மற்ற நாட்களில் நான்காம் பீரியடில் பாதிப்பேர் கண் திறந்தபடியே தூங்குவார்கள்.

அடுத்து நான் கவனித்ததுதான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது. முக்கோணவியலில் உயரங்களும் தொலைவுகளும் என்ற பகுதி உண்டு. கோபுரம், கலங்கரை விளக்கம், ஏற்றக்கோணம், இறக்கக்கோணம் என்று நாலைந்து வரியில் கேள்வி வரும். பிள்ளைகள் தோற்பது பெரும்பாலும் கணக்குப் போடுவதில் அல்ல. கேள்வியை அரைகுறையாகப் படித்து, மேலேயிருந்து பார்ப்பவரைக் கீழே நிறுத்திப் படம் போட்டுவிடுவார்கள். அதற்குப் பிறகு எத்தனை சரியாகப் பெருக்கி என்ன பயன்? கோ-கோ ஆடிவிட்டு வந்த நாட்களில் கேள்வியை இரண்டாம் முறை படிக்கிற பிள்ளைகள் கூடினார்கள். கடைசி பெஞ்சில் ஒரு பையன், அப்பா சந்தையில் மூட்டை தூக்குகிறார். அதுவரை படமே வரையாதவன், ஒரு வியாழக்கிழமை, "டீச்சர், இதுல ஆளு மாடியில நிக்கிறாரு, அப்ப கோணம் கீழதான வரும்?" என்று கேட்டான். அவன் முதல் மதிப்பெண் எடுத்துவிடவில்லை. ஆனால் கேள்வி அவனுக்குள் போய்விட்டது.

பிசியோதெரபி படிக்கிற என் மகளிடம் இதைச் சொன்னேன். 2009இல் அமெரிக்காவில் இலினாய்ஸ் பல்கலைக்கழகத்தார் செய்த ஆய்வு ஒன்றை அவள் எடுத்துக் காட்டினாள். ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகள் 20 பேரை டிரெட்மில்லில் 20 நிமிடம் நடக்க வைத்திருக்கிறார்கள். இதயத் துடிப்பு தணிந்த பிறகு தேர்வு. இன்னொரு நாள் அதே பிள்ளைகளைச் சும்மா உட்கார வைத்துவிட்டுத் தேர்வு. நடந்த நாளில் கவனம் கூடியிருந்தது. வாசித்துப் புரிந்துகொள்வதில் மதிப்பெண் ஏறியிருந்தது. கணக்கில் மாற்றம் இல்லை. முதலில் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. பிறகு யோசித்தால், என் வகுப்பில் நான் கண்டதும் அதேதான்: கூட்டல் பெருக்கல் மாறவில்லை, வாசிப்புதான் மாறியது. 20 பேரை வைத்துச் செய்த சின்ன ஆய்வுதான். அதே பல்கலைக்கழகத்தார் 2014இல் வெளியிட்டது பெரிது. ஏழு முதல் ஒன்பது வயது வரை 221 பிள்ளைகள். அதில் ஒரு பகுதியினருக்குப் பள்ளி விட்டபின் ஒன்பது மாதம் ஓட்டமும் விளையாட்டும். கவனம் சிதறாமல் நிற்பதிலும், ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மனதைத் திருப்புவதிலும் அவர்கள் மற்றவர்களைவிட முன்னேறியிருந்தார்கள்.

'கிராமத்துப் பிள்ளைகளுக்குத் தனியாக என்ன உடற்பயிற்சி?' என்று கேட்கிறார்கள். ஒரு காலத்தில் சரி. இப்போது பள்ளிக்கு வருவது மினிபஸ்ஸில், ஷேர் ஆட்டோவில். வீட்டுக்குப் போனால் டியூஷன், இல்லையென்றால் செல்போன். 5 முதல் 17 வயது வரை ஒரு நாளைக்குச் சராசரியாக 60 நிமிடம் நன்றாக மூச்சு வாங்க உடம்பு அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எங்கள் பிள்ளைகளுக்கு வாரத்துக்கே இரண்டு பீரியடுதான், அதையும் நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்.

பெண் பிள்ளைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பீரியடு கிடைத்தாலும் பல பள்ளிகளில் அவர்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பேசிவிட்டு வருவதுதான் வழக்கம். மைதானம் பையன்களுடையது என்று எப்படியோ ஆகிவிட்டது. எங்கள் சார் பெண்களுக்கென்று தனியாகக் கோடு கிழித்து ரிங்பால் போடச் சொன்னார். முதல் நாள் நாலு பேர்தான் எழுந்தார்கள். இப்போது ஷாலைப் பின்னால் முடிந்துகொண்டு எல்லாரும் இறங்குகிறார்கள்.

போன வாரம் ஒரு அம்மா வந்து, "பரீட்சை வரப்போகுது, இப்ப என்ன டீச்சர் வெளையாட்டு?" என்று கோபப்பட்டார். அவர் பயம் எனக்குப் புரிகிறது. 20 வருடம் எனக்கும் இருந்த பயம்தான். "வியாழக்கிழமை நாலாம் பீரியடு வந்து பின்னால உக்காந்து பாருங்கம்மா" என்றேன். வருகிறேன் என்றிருக்கிறார்.

மதுரை மாவட்டத்துத் தலைமை ஆசிரியர்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். திருப்புதல் தேர்வு நடக்கும் இந்த இரண்டு மாதமும் பத்தாம் வகுப்பின் பி.டி. பீரியடை எந்தப் பாடத்துக்கும் கொடுக்காதீர்கள். வரும் ஜூனில் அட்டவணை போடும்போது அதைக் கடைசி பீரியடில் தள்ளாமல், வெயில் ஏறுமுன், கடினமான பாடத்துக்கு முந்தைய பீரியடில் வையுங்கள்.

கணக்கு ஆசிரியை,
மேலூர் வட்டம், மதுரை மாவட்டம்.