தற்காப்பு உரிமை யாருக்கு முதல் நாளிலேயே கிடைக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்மாவட்ட அமர்வு நீதிமன்றம் ஒன்றில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் குற்றவியல் வழக்குகளை நடத்திவருபவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். இந்திய தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையிலான பிரிவுகளில் இருந்த தற்காப்பு உரிமை, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகளில் பெரிய மாற்றமின்றித் தொடர்கிறது. உயிர் போகும், கொடுங்காயம் ஏற்படும், பாலியல் வன்முறைக்கு ஆளாவோம் என்ற நியாயமான அச்சம் ஒருவருக்கு இருந்தால், தாக்க வந்தவரின் உயிரே போனாலும் அது குற்றமாகாது. ஆனால் இந்த உரிமை சிலருக்குச் சம்பவம் நடந்த அன்று மாலையே கிடைத்துவிடுகிறது. சிலருக்கோ ஆண்டுக்கணக்கில் சிறைக்கும் நீதிமன்றத்துக்கும் நடந்த பிறகும் கிடைப்பதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் நான் வாதாடிய வழக்கு இது. குடித்துவிட்டு அரிவாளோடு பாய்ந்த கணவரை அம்மிக் குழவியால் அடித்த பெண்மீது கொலைக் குற்றம் சாட்டப்பட்டிருந்தது. நான் அவரைச் சிறையில் முதன்முதலாகப் பார்த்தபோது, இடது முன்கையின் வெளிப்புறத்தில் குறுக்காக ஒரு வெட்டுத் தழும்பு இருந்தது. முகத்துக்கு வரும் வெட்டைத் தடுக்கக் கையைத் தூக்கினால் காயம் எங்கே படுமோ, அங்கேதான் அது இருந்தது. கைதான அன்று அந்தக் கையைத் தன் புடவைக் கிழிசலால் கட்டியிருந்ததாக அவர் சொன்னார். ரிமாண்டுக்கு முன் எழுதப்பட்ட மருத்துவக் குறிப்பிலோ ‘வெளிக்காயம் எதுவும் இல்லை’ என்ற ஒரே ஒரு வரிதான் இருந்தது. தற்காப்புக்காகவே அடித்தேன் என்று நீதிமன்றத்தில் அவர் வாய் திறந்து சொல்ல முடிந்தது, அரசுத் தரப்புச் சாட்சிகள் அத்தனை பேரும் விசாரிக்கப்பட்டு, நீதிபதி அவரைக் கேள்வி கேட்ட கட்டத்தில்தான். இறுதியில் சந்தேகத்தின் பலனை அளித்து விடுவித்தார்கள். அவர் தன்னைக் காத்துக்கொண்டார் என்று தீர்ப்பு சொல்லவில்லை.

மறுபக்கத்தைப் பாருங்கள். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 கூலித் தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டபோது, கல்லாலும் கோடரியாலும் தாக்கினார்கள், அதனால் சுட்டோம் என்று ஆந்திர அதிரடிப் படை அன்றைக்கே அறிவித்தது. 2019 டிசம்பரில் ஹைதராபாத் அருகே நான்கு பேர் சுட்டுக் கொல்லப்பட்டபோதும் காவல் துறை அதே தற்காப்பு வாதத்தைத்தான் முன்வைத்தது. உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம் அந்த வாதத்தை நம்பத்தக்கதல்ல என்று நிராகரித்து, பத்துக் காவலர்கள்மீது கொலை வழக்கு நடத்தப் பரிந்துரைத்த அறிக்கை 2022 மே மாதத்தில்தான் வெளிவந்தது. அதுவரை அந்தக் காவலர்களில் ஒருவர்கூட ‘நான் தற்காத்துக்கொண்டேன்’ என்று குற்றவாளிக் கூண்டில் நின்று மெய்ப்பிக்க வேண்டிய நிலை வரவில்லை. என்கவுன்டர் சாவு ஒவ்வொன்றிலும் முதல் தகவல் அறிக்கையும், சுதந்திரமான புலனாய்வும், நடுவர் (மாஜிஸ்திரேட்) விசாரணையும் வேண்டும் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் நெறிமுறைகள் வகுத்த பிறகு நடந்தவை இவை.

சாதாரண மக்களுக்கு முதல் நாளிலேயே இந்த உரிமை கிடைக்கவே கிடைக்காது என்றும் சொல்லிவிட முடியாது. 2012-ல் மதுரையில், மகளிடம் அத்துமீற முயன்ற கணவரை மட்டையால் அடித்துக் கொன்ற பெண்ணை அன்றைய காவல் கண்காணிப்பாளர் அஸ்ரா கார்க் 100-ஆம் பிரிவின் கீழ் விடுவித்தார். 2021-ல் திருவள்ளூர் மாவட்டத்திலும், தன்னிடம் அத்துமீறியவரைக் குத்திக் கொன்ற இளம்பெண் அதே பிரிவின்படி விடுவிக்கப்பட்டார். இரண்டையும் மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் நல்ல அதிகாரி வாய்த்தால் விடுதலை, வாய்க்காவிட்டால் சிறை என்று இருப்பதை எப்படி ஏற்பது? என் கட்சிக்காரர் செய்தது அந்த இருவரும் செய்ததிலிருந்து எந்த வகையில் வேறுபட்டது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

தற்காப்பு என்று சொன்னவர்களையெல்லாம் விசாரணையின்றி விட்டுவிட வேண்டும் என்பது என் வாதமல்ல; பழிவாங்கிவிட்டு இப்பிரிவின் பின்னால் ஒளிந்துகொள்பவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். இந்த வாதத்தைக் குற்றம் சாட்டப்பட்டவர் ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்கத் தேவையில்லை, நிகழ்ந்திருக்கக் கூடியது என்று காட்டினாலே போதும் என்று தர்ஷன் சிங் வழக்கில் 2010-லேயே உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. அதைக் காட்டுவதற்கான சான்றைத்தான் முதல் நாளிலேயே தொலைத்துவிடுகிறோம். கைதானவரை உடனடியாக மருத்துவர் பரிசோதித்து, காயங்களையும் அவை ஏற்பட்டிருக்கக்கூடிய நேரத்தையும் எழுத வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 53-ஆம் பிரிவு கட்டாயமாக்கியுள்ளது. கொலை வழக்கில் கைதாகும் ஒவ்வொருவருக்கும் இந்தப் பரிசோதனை உண்மையாகவே நடந்ததா என்று, ரிமாண்டுக்குக் கையெழுத்திடும் முன் நடுவர்கள் அவர்களின் கைகளையாவது ஒருமுறை நேரில் பார்த்துக் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர், வழக்குரைஞர்,
விருதுநகர் மாவட்டம்