சிஸ்டர்களுக்கு ஒரு பிரதரின் நன்றி

மே 12 அன்று எங்கள் மருத்துவமனையில் செவிலியர் தின விழா நடந்தது. ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1820-இல் பிறந்த நாள் அது. வழக்கம்போல மெழுகுவத்தி ஏற்றி உறுதிமொழி எடுத்தோம். அப்புறம் இருபத்தைந்து வருடப் பணியை முடித்தவன் என்று என்னை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். மைக்கைக் கையில் கொடுத்தபோது "எல்லாருக்கும் நன்றி" என்பதற்கு மேல் எனக்கு வார்த்தை வரவில்லை. கீழே இறங்கி வந்து உட்கார்ந்த பிறகுதான் யார் யாரைச் சொல்லியிருக்க வேண்டும் என்று ஒவ்வொரு முகமாக ஞாபகம் வந்தது. வந்த முகங்கள் அத்தனையும் பெண்கள். அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

நான் ஆண் செவிலியர். வார்டில் எங்களைப் "பிரதர்" என்று கூப்பிடுவார்கள். வயதான பாட்டிமார் சிலர் பழக்கத்தில் என்னையும் "சிஸ்டர்" என்றே கூப்பிடுவதுண்டு. நான் திருத்தியதில்லை. எனக்கு அந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவர்களின் பெயர் அது.

முதல் நன்றி அம்மாவுக்கு. ஆலங்குளம் பக்கம் எங்கள் ஊர். அங்கே வீட்டுக்கு வீடு பீடி சுற்றுவார்கள். இலையை ஊறவைத்து, தகரத்தை வைத்து அளவாக வெட்டி, தூளைப் போட்டுச் சுருட்டி, நூல் கட்டி, முனையை மடக்கி, ஆயிரம் எண்ணிக் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் அன்றைய கூலி. அதிலும் கடைக்காரர் சரியில்லை என்று ஒரு பங்கைக் கழித்துவிடுவார். அம்மா தட்டை மடியில் வைத்துக்கொண்டே என் பாடத்தை ஒப்பிக்கச் சொல்லிக் கேட்பார். புகையிலைத் தூசிக்கு இருமுவார், விரல் மட்டும் நிற்காது.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் நர்சிங்கில் இடம் கிடைத்தது. தாய்மாமா வீட்டுக்கு வந்து, "பொம்பளைப் படிப்புக்கா பையனை அனுப்பப் போற?" என்று கேட்டார். அம்மா தலையைத் தூக்காமல் நூலைக் கடித்து அறுத்துவிட்டுச் சொன்னார்: "பீடி சுத்துறதும் பொம்பளை வேலைன்னுதான் சொல்லுதாவ. அந்தத் துட்டுலதான இந்த வீட்டு ஆம்பளையெல்லாம் சாப்பிட்டீங்க." மாமா அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நானும் மனசுக்குள் இருந்த தயக்கத்தை அன்றைக்கே விட்டுவிட்டேன். அம்மாவின் கம்மல் அடகுக்குப் போனது. அது திரும்பி வந்தது நான் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான்.

வகுப்பில் ஐம்பது பேரில் நாங்கள் ஆண்கள் நான்கு பேர். எங்களுக்கு அடிப்படைச் செவிலியப் பாடம் எடுத்த மேடத்துக்கு இரண்டாவது நன்றி. முதல் மாதமே என்னைக் கட்டிலில் படுக்கச் சொன்னார். கையைக் காலை அசைக்கக் கூடாது, பேசக் கூடாது. இன்னொரு மாணவியைக் கூப்பிட்டு எனக்குக் கஞ்சி ஊட்டச் சொன்னார். அந்தப் பெண் நின்றுகொண்டே ஊட்டினாள். மேலேயிருந்து கரண்டி இறங்கி வரும்போது வாயைத் திறப்பதற்குள் பயம் வந்துவிட்டது. ஒரு வாய் விழுங்கு முன் அடுத்த கரண்டி வந்து நின்றது. கழுத்து வழியாகக் கஞ்சி ஒழுகியது. மேடம் அவளை ஒரு ஸ்டூலில் உட்காரவைத்து, என் தலையை உயர்த்தி, என் கண்ணுக்கு நேராக அவள் கண் வரும்படி செய்து, மறுபடி ஊட்டச் சொன்னார். அதே கஞ்சிதான், ஆனால் இப்போது நிதானமாக இறங்கியது. "இப்ப எழுந்திரு. இனிமே நீ யாருக்கும் நின்னுக்கிட்டு ஊட்ட மாட்டே" என்றார். இன்று வரை ஊட்டியதில்லை.

அவர் சொன்ன ஒரு கதை உண்டு. வேலூர் மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடரின் கதை. செவிலியம் படித்தவர்கள் எல்லாரும் கேட்டிருப்பீர்கள். நோயுற்ற தன் தாயைப் பார்த்துக்கொள்ள அமெரிக்காவிலிருந்து திண்டிவனம் வந்திருந்த இளம்பெண் அவர். இந்தியாவில் தங்கும் எண்ணமே இல்லை. ஓர் இரவு மூன்று வீடுகளிலிருந்து அடுத்தடுத்து ஆள் வந்தார்கள். மூன்று வீட்டிலும் பிரசவ வலி. "என் அப்பா டாக்டர், அவரை அழைத்துப் போங்கள்" என்றார் ஐடா. அந்நிய ஆண் பார்க்கக் கூடாது என்று மூவரும் மறுத்துவிட்டார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அதன் பிறகுதான் ஐடா மருத்துவம் படிக்கப் போனார். 1899-இல் பட்டம் பெற்று, 1900-இல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு வேலையைத் தொடங்கினார். 1909-இல் செவிலியர் பள்ளியும், 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் வந்தன.

இதை எல்லாரும் ஐடாவின் மன உறுதிக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். எங்கள் மேடம் அதோடு விடவில்லை. எங்கள் நான்கு பேரையும் நிறுத்தி ஒரு கேள்வி கேட்டார்: "அன்னைக்கு அந்த வீட்டு வாசல்ல நின்ன ஆம்பளை டாக்டர் நீங்கதான்னு வச்சுக்கோங்க. உங்களுக்கு எல்லாம் தெரியும். ஆனா உள்ளே இருக்கிறவளுக்கு உங்களைப் பார்த்தா பயம். என்ன பண்ணுவீங்க?" நாங்கள் முழித்தோம். அவரே சொன்னார்: திறமை இருந்தால் மட்டும் உள்ளே போகும் உரிமை வந்துவிடாது. அந்த உரிமையை நோயாளி தர வேண்டும், நாம் கேட்டு வாங்க வேண்டும்.

பெண்கள் வார்டில் டியூட்டி பார்க்கும் ஒவ்வொரு நாளும் அந்தக் கேள்வி எனக்குள் இருக்கிறது. திரையை இழுத்துவிட்டு, "அம்மா, நான் பார்க்கலாமா, இல்லை சிஸ்டரைக் கூப்பிடட்டுமா?" என்று கேட்காமல் போர்வையை நான் தொட்டதில்லை. அவர்கள் தலையை ஆட்டினாலும் கூட ஒரு சிஸ்டரை நிறுத்திக்கொள்வேன். உடம்பு துடைக்கும்போது துடைக்கிற இடத்தை மட்டும் திறந்து மற்றதை மூடியே வைப்பேன். மேடம், இத்தனை வருடத்தில் என் மீது ஒரு பெண் நோயாளிகூட முகம் சுளிக்கவில்லை. அது நீங்கள் கேட்ட கேள்வியால்.

அடுத்து நான் சொல்லப்போகிறவரின் பெயர் எந்த அழைப்பிதழிலும் அச்சானதில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வார்டில் ஆயாவாக இருந்தவர். ஒப்பந்தக் கூலி, அதுவும் மாதக் கடைசியில் இழுத்தடித்துத்தான் வரும். என்னைத் "தம்பி" என்பார். எழுதப் படிக்கத் தெரியாது.

படுக்கையில் கிடப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் படுக்கைப் புண் வரும் என்பது பாடத்தில் முதல் வருடமே வரும். தோல் சிவந்தால், அழுத்தியும் அந்தச் சிவப்பு போகாவிட்டால், புண் தொடங்குகிறது என்று அர்த்தம். நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் ஒரு பெரியவரைத் திருப்பி இடுப்பெலும்பைப் பார்த்துவிட்டு "சிவப்பில்லை" என்று எழுதப் போனேன். ஆயா கேட்டார், "தம்பி, அவுக நிறத்துல சிவப்பு எங்கிட்டு தெரியும்?"

கருத்த தோலில் சிவப்பு தெரியாது. இவ்வளவு எளிய விஷயம் எனக்கு எட்டவில்லை. ஆயா தன் புறங்கையை அந்த இடத்தில் வைத்தார். பிறகு பக்கத்தில் நல்ல தோலில் வைத்தார். "இங்ஙன சூடு. அங்ஙன இல்ல. அமுக்கிப் பாருங்க, கட்டியா இருக்கு." தொட்டுப் பார்த்தேன். இருந்தது. மறுநாளே அங்கே தோல் கருநீலமாக மாறத் தொடங்கியது. முன்கூட்டியே பாரத்தை எடுத்துவிட்டதால் புண்ணாக உடையாமல் தப்பித்தது.

அதற்குப் பிறகு அவர் பின்னாலேயே அலைந்தேன். குதிகால் படுக்கையில் உரசாமல் கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைப்பது, ஆளைப் பிடித்து இழுக்காமல் அடித்துணியோடு தூக்கி நகர்த்துவது, ஈரத்துணியை ஒரு நிமிடம்கூட அடியில் விடாமல் இருப்பது, புண் கண்ணில் படும் முன்பே வாடையை வைத்துக் கண்டுபிடிப்பது, எல்லாம் அவரிடம் கற்றதுதான். இப்போது நிறத்தை மட்டும் நம்பாமல் சூட்டையும் இறுக்கத்தையும் தொட்டுப் பாருங்கள் என்று பாடங்களிலேயே எழுதுகிறார்கள். ஆயா அதை எனக்குச் சொல்லி இருபது வருடத்துக்கு மேலாகிறது. என்னிடம் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளின் புறங்கையைப் பிடித்து நோயாளியின் முதுகில் வைக்கும்போதெல்லாம் இது ஒரு ஆயா சொல்லிக்கொடுத்தது என்று சொல்லித்தான் வைக்கிறேன்.

ஐ.சி.யூ.வில் எனக்கு மூத்தவராக இருந்த ஒரு சிஸ்டருக்கும் கடன்பட்டிருக்கிறேன். தொடர்ந்து மூன்றாவது இரவு டியூட்டி. சலைன் எடுக்கிறோம் என்ற நினைப்பில் பொட்டாசியம் குளோரைடு ஆம்பியூலை உடைத்து ஊசியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். இரண்டும் ஒரே தட்டில், ஒரே மாதிரிப் புட்டியில் இருந்தன. அதைக் கலக்காமல் நேராக நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். சிஸ்டர் என் மணிக்கட்டைப் பிடித்தார். சத்தம் போடவில்லை. என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். நோயாளியைப் பார்த்துவிட்டு வந்து பதிவேட்டை என் முன் வைத்து, "நடந்ததை நடந்தபடி எழுது" என்றார்.

வேலை போய்விடும் என்று அழுதேன். அவர் விடவில்லை. போரில் காயம்பட்டுச் செத்தவர்களைவிட நோயில் செத்த சிப்பாய்கள் அதிகம் என்று நைட்டிங்கேல் நாட்டுக்குக் காட்டியது கையில் பிடித்த விளக்கால் அல்ல, எண்ணி எழுதிய கணக்கால் என்று அந்த நடு இரவில் எனக்குச் சொன்னவர் அவர். எழுதினேன். எனக்கு விசாரணை நடந்தது, சிஸ்டர் கூடவே வந்து உட்கார்ந்தார். ஒரு வாரத்தில் பொட்டாசியம் ஆம்பியூல்கள் வார்டு தட்டிலிருந்து எடுக்கப்பட்டுத் தனி அலமாரியில் பூட்டுக்குள் போயின. எடுப்பதென்றால் இரண்டு பேர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். நான் மறைத்திருந்தால் இன்னொரு இரவு இன்னொருவர் அதே தட்டில் கைவைத்திருப்பார். அந்த நோயாளி நடந்து வீட்டுக்குப் போனார். அவருக்கு இது தெரியாது. எனக்கு மறக்காது, சிஸ்டர்.

2018-இல் கேரளத்தில் நிபா வந்தபோது, பேராம்பிரா தாலுகா மருத்துவமனையில் நோயாளியைக் கவனித்த லினி என்ற செவிலியர் அதே தொற்றில் இறந்தார். இரண்டு சின்னக் குழந்தைகளின் தாய். அந்தச் செய்தியை எங்கள் ஓய்வறையில் ஒரு சிஸ்டர் வாசித்துவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். இரண்டு வருடம் கழித்துக் கொரோனா வார்டுக்கு ஆள் கேட்டபோது முதலில் பெயர் கொடுத்தவரும் அவர்தான். வீட்டில் எட்டு மாதக் குழந்தை. விடுதியில் தங்கிக்கொண்டு, செல்போனில் குழந்தையைப் பார்த்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு கவச உடையை மாட்டுவார். அவருக்குப் பின்னால்தான் நான் என் பெயரை எழுதினேன். அதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

என் மனைவிக்கும் சொல்ல வேண்டும். இரவு டியூட்டி முடித்து நான் தூங்கும் பகல்களில் தையல் மெஷினை ஓட்டாமல் கையால் கொக்கி தைத்துக்கொண்டிருப்பாள். இத்தனை வருடத்தில் ஒரு நாளும் இதை அவள் எனக்குச் சொல்லிக் காட்டியதில்லை. ஒரு நாள் பாதித் தூக்கத்தில் எழுந்துவந்து நானே பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

போன வருடம் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. இடது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. நான்கு மாதம் படுக்கை. நானும் மனைவியும் முறை வைத்துத் திருப்பிப் படுக்கவைத்தோம். ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணைப் பார்த்து ஊட்டினேன். முதல் நாள் உடம்பு துடைக்கப் போனபோது, "அம்மா, நான் பண்ணட்டுமா, அவளைக் கூப்பிடட்டுமா?" என்று கேட்டேன். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, குழறலாக, "நீயே பண்ணு எய்யா" என்றார். புறங்கையை முதுகிலும் குதிகாலிலும் வைத்துப் பார்ப்பேன். கடைசி வரைக்கும் ஒரு புண் வரவில்லை. தூக்கத்தில் அம்மாவின் வலது கை மட்டும் போர்வை ஓரத்தைச் சுருட்டிக்கொண்டே இருக்கும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும், அதே வேகத்தில்.

சரி, ஒரு விஷயத்தைச் சொல்லி முடிக்கிறேன். விழா முடிந்த மறுநாள் எங்கள் செவிலியர் கண்காணிப்பாளரைப் பார்த்தேன். அடுத்த மே 12 அன்று வார்டு ஆயாக்களையும் மேடைக்கு அழைக்க வேண்டும் என்று கேட்டேன். ஒப்புக்கொண்டார். பெயர்ப் பட்டியலை நான் தயார் செய்கிறேன். என் முதல் வார்டு ஆயா இப்போது மேலூர்ப் பக்கம் மகள் வீட்டில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். வரும் ஞாயிற்றுக்கிழமை நேரில் போய் அழைத்துவிட்டு வருகிறேன்.