ஆறுமணிக்குருவி போன தேதி

பாளையங்கோட்டை,
சித்திரை 14.

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் வந்து பதினைந்து நாளாகிறது. பதில் எழுதாததற்குச் சோம்பல் காரணம் இல்லை. ஒரு குருவி ஊரை விட்டுப் போய்விட்டதா இல்லையா என்று முடிவுக்கு வர முடியாமல் காத்திருந்தேன். நீ சிரிப்பாய் என்று தெரியும். அதனால்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

டேராடூனில் மகன் வீட்டில் பொழுது போகவில்லை, பேரன் பள்ளிக்கூடம் போனபின் பேச ஆளில்லை, இந்தி வாயில் நுழைய மறுக்கிறது என்று மூன்று பக்கம் புலம்பியிருந்தாய். நடுவில் போகிற போக்கில் ஒரு வரி: எதிர்வீட்டு லிச்சி மரத்தில் வெள்ளை நாடாவைக் கட்டிவிட்டது போல வால் நீண்ட ஒரு பறவை வருகிறது, தலை மட்டும் கறுப்பு என்று. உன் மூட்டு வலியை ஒரு தடவைதான் படித்தேன், மன்னித்துக்கொள். அந்த வரியை நாலு தடவை படித்தேன்.

அது அரசவால் ஈப்பிடிப்பான். வேதிவால் குருவி என்றும் சொல்வார்கள். வளர்ந்த ஆணுக்குத்தான் அந்த வெள்ளை நாடா. பெண்ணுக்கு உடம்பு செம்பழுப்பு, வாலும் குட்டை. குளிர்காலத்தைத் தெற்கே தோப்புகளில் கழித்துவிட்டு, வெயில் ஏறுகிற சமயத்தில் இமயமலை அடிவாரத்துக்குக் கூடு கட்டப் போகிற கூட்டம் இவற்றில் உண்டு. மாசியில் திருப்புடைமருதூர் ஆற்றங்கரையில் ஒரு ஆணைப் பார்த்தேன். மருத மரத்து நிழலில் பூச்சியைத் துரத்திக்கொண்டு திரிந்தது. அதுவேதான் உன் லிச்சி மரத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று சத்தியம் செய்ய மாட்டேன். காலில் வளையம் மாட்டாத பறவைக்கு முகவரி ஏது? ஆனாலும் நான் வழியனுப்பிய ஜாதியை நீ வரவேற்றிருக்கிறாய் என்று நினைத்தால் உன்மேல் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது.

ஓய்வு பெற்ற பிறகு எனக்குப் பிடித்த இந்தக் கிறுக்கு உனக்குத் தெரிந்ததுதான். எட்டுக்கு நாற்பத்திரண்டு பைனாகுலர் ஒன்று, கோடு போட்ட நோட்டு ஒன்று. நோட்டில் இரண்டு பத்திகள்: வந்த தேதி, போன தேதி. முதல் பத்தி சுலபம். ஐப்பசியில் ஒருநாள் மின்கம்பியில் தகைவிலான் குருவி உட்கார்ந்திருக்கும். நேற்று இல்லை, இன்று இருக்கிறது, எழுதிவிடலாம். இரண்டாவது பத்திதான் வம்பு. ஒரு பறவை போகிற அன்று அது போகிற நாள் என்று நமக்குத் தெரியாது. அன்றைக்கும் எப்போதும் போலப் பூச்சி பிடிக்கும், கத்தும், நாமும் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம். நாலு நாள் கழித்துத்தான், அட, அன்றைக்குப் பார்த்தது கடைசி என்று உறைக்கும். இளவேனிலில் பறவை பார்ப்பது மேல்நாட்டாருக்கு வரவு எழுதுகிற வேலை. அவர்கள் ஊருக்கு அப்போதுதான் எல்லாம் திரும்பி வருகின்றன. நமக்கு அது செலவு எழுதுகிற வேலை. உன் ஊரோ இந்தக் கணக்கில் மேல்நாட்டோடு சேர்ந்துவிட்டது.

இனி அந்தக் குருவியின் கதை. புரட்டாசிக் கடைசியில் ஒரு விடியற்காலை பக்கத்து வீட்டுக் கார் கொட்டகையில் ஏதோ விழுந்து கிடக்கிறது என்று கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் உள்ளங்கை அளவில் ஒரு வண்ணப்பெட்டி. முதுகு பச்சை, தோளில் நீலம் மின்னுகிறது, வயிற்றின் அடியில் குங்குமம் கொட்டினாற்போலச் சிவப்பு, கண்ணை ஒட்டிப் பட்டையாக மை. வாலை அளந்து தைக்கத் துணி போதவில்லை போலிருக்கிறது, அவ்வளவு குட்டை. ஆறுமணிக்குருவி. தோட்டக்கள்ளன் என்றும் ஒரு பெயர் உண்டு. இரவெல்லாம் பறந்துவந்த களைப்பில் இப்படி வீடுகளுக்குள் விழுவது இதற்கு வாடிக்கை. அட்டைப்பெட்டியில் துளை போட்டு, இருட்டான மூலையில் வைத்து, யாரும் எட்டிப் பார்க்காமல் காவல் இருந்தேன். சாயங்காலம் திறந்தபோது என்னை ஒருமுறை முறைத்துப் பார்த்துவிட்டு, பறக்காமல், எங்கள் கொல்லை மாமரத்தடிக்குத் தத்தித் தத்தியே போய்ச் சேர்ந்தது.

அங்கேயே தங்கிவிட்டது. ஆறு மாதம். அதற்கு வேண்டியது தரையில் கிடக்கிற சருகு. ஒவ்வொரு இலையாக அலகால் புரட்டிப் புழுவை எடுக்கும், நீ கணக்குப் பரீட்சையில் பக்கத்தில் இருப்பவன் தாளைப் புரட்டுவாயே, அந்தப் பதனத்தோடு. சருகைப் பெருக்கக் கூடாது என்று நான் சொல்ல, வீடா காடா என்று உன் தங்கச்சி கேட்க, மார்கழி முழுவதும் எங்களுக்குள் பேச்சுவார்த்தை குறைவு. பொங்கலுக்கு வாசல் பக்கம் மட்டும் பெருக்கிக்கொள்ளலாம் என்று சமாதானம் ஆயிற்று.

பெயருக்கு ஏற்றபடி காலையும் மாலையும் ஆறு மணியை ஒட்டி அது குரல் கொடுக்கும். இரண்டு சுரம், சீழ்க்கை அடிப்பது போல முதலாவது ஏறும், இரண்டாவது இறங்கும். மற்ற நேரத்தில் அது இருப்பதே தெரியாது. பங்குனி பிறந்ததும் தினமும் சாயங்காலம் நோட்டோடு பின்வாசல் படியில் உட்கார்ந்துகொண்டேன். கேட்டது, கேட்டது, கேட்டது என்று வரிசையாக எழுதிக்கொண்டே வந்தேன். சித்திரை 4ஆம் தேதி வரைக்கும் கேட்டது. 5ஆம் தேதி மாலை ஒரு கல்யாண வரவேற்பு. போகாவிட்டால் ஆயுளுக்கும் பேச்சு கேட்க வேண்டிய உறவு. போனேன், ஐஸ்கிரீம் சாப்பிட்டேன், ஒன்பது மணிக்குத் திரும்பினேன். 6ஆம் தேதி காலை சத்தம் இல்லை. மாலையும் இல்லை. இன்றோடு ஒன்பது நாள். பந்தியில் உட்கார்ந்திருந்த அந்த ஆறு மணிக்கு அது கூப்பிட்டதா, இல்லையா? 4 என்று எழுதுவதா, 5 என்று எழுதுவதா? அந்தக் கட்டம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

பங்குனி முதல் வாரத்தில் மூலைக்கரைப்பட்டி பஸ் பிடித்துக் கூந்தன்குளம் போய்வந்தேன். 1994இல் சரணாலயமாக அறிவித்த ஊர். 2022இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் பெயர் வந்துவிட்டது. ஊர்க்காரர்களுக்கு இந்தக் கௌரவமெல்லாம் வருவதற்கு ரொம்ப முன்பிருந்தே பறவை வீட்டுப்பிள்ளை மாதிரி. தெருவில் நிற்கிற மரத்திலேயே கூடு. கீழே எச்சம் சுண்ணாம்பு அடித்தது போல. தீபாவளிக்கு வெடி கிடையாது. எச்சம் ஊறிய குளத்து வண்டலை வயலுக்கு அள்ளிக்கொள்கிறார்கள்.

நான் போனது வரித்தலை வாத்துகளுக்காக. வெள்ளைத் தலையின் பின்புறம் இரண்டு கறுப்புக் கோடு, விபூதிப் பட்டையைக் கரியால் போட்டது மாதிரி. தையில் கூட்டமாக நின்ற இடத்தில் பதினோரு வாத்துகள்தான் மிச்சம். இவை திபெத்துக்கும் மங்கோலியாவுக்கும் போகிறவை. இமயமலையைத் தாண்டும்போது 7,000 மீட்டருக்கு மேலேகூடப் பறந்ததைக் கருவி கட்டிப் பதிவு செய்திருக்கிறார்கள். கிடைக்கிற கொஞ்சப் பிராணவாயுவை இறுகப் பிடித்துக்கொள்கிற ரத்தம் அவற்றுக்கு. எனக்கு மேம்பாலம் ஏறினாலே இளைக்கிறது.

வாத்து ஏமாற்றினாலும் நாரை ஏமாற்றவில்லை. ஒரு கருவேல மரத்தில் மஞ்சள்மூக்கு நாரையின் கூடு. இரண்டு குஞ்சுகள், அழுக்குப் பஞ்சு மாதிரி. பதினோரு மணி வெயில். தாயோ தகப்பனோ, வெயிலுக்கு முதுகைக் காட்டி இரண்டு சிறகையும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றது. குஞ்சுகள் அந்த நிழலுக்குள். வெயில் நகர நகர அதுவும் கால் மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. அரைமணி நேரம் பார்த்தேன், சிறகை மடக்கவில்லை. எனக்குக் கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நம் தமிழய்யா நினைவுக்கு வந்தார். சத்திமுத்தப் புலவரின் செங்கால் நாரைப் பாட்டை அவர் ராகம் போட்டுச் சொன்னதும், பனங்கிழங்கைப் பிளந்தது போன்ற அலகு என்ற இடத்தில் நீ பனங்கிழங்கைக் கடித்துக்கொண்டிருந்து மாட்டியதும் மறக்குமா? குமரியில் நீராடிவிட்டு வடக்கே போவாயானால் என் மனைவியிடம் சேதி சொல் என்கிறார் புலவர். வலசைப் பறவை வடக்கே திரும்பும் என்று அந்தக் காலத்திலேயே கவனித்திருக்கிறார்கள். ஆனால் எனக்கு இப்போது ஒரு சந்தேகம். அவர் வாடைக் காற்றில் நடுங்கிக்கொண்டு கிடக்கிறார். வாடை அடிக்கிற மாதத்தில் நாரை இங்கே வந்து இறங்கியிருக்கும். கிளம்புவதற்கு மாசி, பங்குனியாவது ஆக வேண்டாமா? பாவம், குளிருக்கும் பசிக்கும் பஞ்சாங்கம் தெரியாது. ஒன்றிரண்டு மாதம் முன்னதாகவே நாரையைக் கிளப்பிவிட்டார் என்று வைத்துக்கொண்டேன். அய்யா இருந்திருந்தால் என் காதைத் திருகியிருப்பார்.

சூறைக்குருவிகளும் போய்விட்டன. போன வாரம் வரை அந்தி நேரத்தில் நயினார்குளத்துக்கு மேலே ஆயிரக்கணக்கில் சேர்ந்து, புகை சுழல்வது போல விரிந்து சுருங்கிக்கொண்டிருந்தன. ரோஜா நிற உடம்பு, கறுப்புத் தலை. இங்கே சோளக்கொல்லைக்காரர் வாயில் வசவு வாங்கும். கஜகஸ்தான் புல்வெளியில் வெட்டுக்கிளியைத் தின்று தீர்ப்பதால் அங்கே நல்ல பெயராம். மனிதரிலும் அப்படிச் சிலரை நாம் பார்த்திருக்கிறோம். பெயர் வேண்டாம்.

மிச்சம் இருப்பது குயில். நாலு மணிக்கே ஆரம்பித்துவிடுகிறது. கவிஞர்கள் யாரும் அதன் பக்கத்து அறையில் தூங்கியதில்லை என்பது உன் தங்கச்சியின் கட்சி. இதில் ஒரு வெட்கக்கேட்டையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பப்பாளியில் பழம் தின்ன வருகிற, பழுப்பில் வெள்ளைப் புள்ளி போட்ட பறவையை வெகுகாலம் ஏதோ பருந்துக்குஞ்சு என்று நினைத்திருந்தேன். அதுதான் பெண்குயில். கூவுகிறது ஆண், கறுப்பன், ரத்தச் சிவப்புக் கண். அறுபது வருஷம் குயில் பாட்டுக் கேட்டவனுக்குக் குயிலின் வீட்டுக்காரியை அடையாளம் தெரியவில்லை.

இப்போது உனக்கு ஒரு வேலை. ஆறுமணிக்குருவி மழைக்காலத்தில் கூடு கட்டுகிற இடங்களில் உன் இமயமலை அடிவாரமும் ஒன்று. வைகாசியில் வந்து சேரும். அங்கே நவ்ரங் என்று கேட்டால் சொல்வார்கள். ஒன்பது நிறம் என்று அர்த்தம். இந்தி வரவில்லை என்றாயே, இந்த ஒரு சொல் போதும். காலையில் பேரனைப் பஸ் ஏற்றிவிட்டு வீட்டுக்குத் திரும்பாதே. சால மரங்கள் அடர்ந்து, தரையில் சருகு மக்கிக் கிடக்கிற ஓரமாக நில். தேடாதே, கண்ணுக்கு அகப்படாது, கேள். சீழ்க்கை ஏறி இறங்கினால் தேதியைக் குறித்துக்கொள். மழை தொடங்கிய நாளையும் சேர்த்து எழுது. தொலைபேசியில் சொல்லாதே, எனக்குக் காகிதத்தில் வேண்டும், நோட்டில் ஒட்டிக்கொள்ள.

கருப்பட்டியும் கொஞ்சம் சுக்கும் பார்சல் அனுப்பியிருக்கிறேன். மூட்டுக்குச் சுக்கு நல்லது என்று உன் தங்கச்சி சொல்லச் சொன்னாள்.

இன்று காலை அவள் கொல்லைச் சருகையெல்லாம் பெருக்கிவிட்டாள். ஒன்றும் சொல்லவில்லை நான். கூடையைப் பிடித்துக்கொண்டு கூடவே நின்றேன்.

அன்புடன்,
உன் மச்சான்